பேயின் சாட்சியம்: தொலைக்காட்சித் திகில் கதைகளும் வெடி ஆபீஸ் மரணங்களும்

1

ஆனைக்குட்டத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது அது முதலில் நுழைந்தது ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளையின் வீட்டுக்குள். (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்தான்.) 'மர்மதேசம்' வரும் இரவில் தெருப் பெண்கள் பசைச் சட்டியும் அட்டைக் கட்டுமாக அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். கண் திரையில் இருக்கும். கை அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். விளம்பரம் வரும்போதுதான் எத்தனை குரோஸ் முடிந்தது என்று எண்ணுவார்கள். பயத்தில் கை நின்றுபோனால் அன்றைய கூலி குறையும் என்பதால், பயந்துகொண்டே வேலை செய்வதற்கு அவர்கள் பழகியிருந்தார்கள். அது அவர்களுக்குப் புதிய பழக்கமும் இல்லை.

'விடாது கருப்பு' ஓடிய அந்த மாதங்களில் என் பெரியம்மா சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. வெள்ளைக் குதிரையில் கருப்பசாமி வரும் காட்சி முடிந்து, நகரத்திலிருந்து வந்தவர்கள் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா அலுத்துக்கொண்டாள்: "இவுக எப்பிடி வந்தான், எப்பிடி வந்தான்னே தேடுறாக. யாரு செஞ்சதுக்கு வந்தான்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாகளே."

அன்றைக்கு நான் சிரித்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டு, மாலையில் ஒரு வாசிப்பு வட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்த எனக்கு, எப்படி என்று கேட்பதுதான் அறிவியல், யார் என்று கேட்பது மூடநம்பிக்கை. இந்தப் பிரிவினை எவ்வளவு பிழையானது என்று விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. தொலைக்காட்சியில் பேய்க்கதை எழுதப்பட்ட வரலாற்றை இந்த இரண்டு கேள்விகளை வைத்துப் படிக்க முடியும் என்பதே நான் இங்கு சொல்ல முற்படுவது.

2

பேய்க்கதைத் தொகுதி என்ற வடிவம் தொலைக்காட்சிக்கு வந்த இடத்திலிருந்து தொடங்கலாம். ஒரே பெயரின் கீழ், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சில கதைகள். அமெரிக்காவில் இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர் ராட் செர்லிங். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையரால் கொல்லப்பட்டான். அதையொட்டி செர்லிங் ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதினார். விளம்பரதாரர்களும் நிறுவனமும் அதிலிருந்து தென்மாநிலத்தின் அடையாளத்தையும் நிறவெறியையும் ஒவ்வொன்றாக நீக்கி, எந்த ஊரோ யாரோ என்றாக்கி 1956இல் ஒளிபரப்பினார்கள். கொன்றவர்களை நேராகச் சுட்டுவதற்கு இந்தச் சாதனத்தில் இடமில்லை என்று அவர் கண்டுகொண்டார். 1959இல் 'ட்விலைட் ஸோன்' தொடங்கியது. மனிதர் வாயால் சொல்ல முடியாததை வேற்றுக்கிரகவாசியின் வாயிலும் பேயின் வாயிலும் வைத்துச் சொன்னார். பேய் இங்கே ஒரு தணிக்கைத் தந்திரம்.

1969 நவம்பர் 8 அன்று என்.பி.சி. ஒளிபரப்பிய 'நைட் கேலரி' அவர் எழுதிய முழுநீளத் தொலைக்காட்சிப் படம். மூன்று ஓவியங்கள், மூன்று கதைகள். முதலாவதில் சொத்துக்காக மாமனைக் கொல்கிறான் ஒருவன். வீட்டில் மாட்டியிருக்கும் கல்லறை ஓவியம் மாறத் தொடங்குகிறது. இரண்டாவதை இயக்கியவர் அப்போது இருபத்திரண்டு வயதேயான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். ஜோன் கிராஃபோர்ட் நடித்த பார்வையற்ற பணக்காரப் பெண், கடனில் மூழ்கிய ஓர் ஏழையின் கண்களை விலைக்கு வாங்குகிறாள். சில மணி நேரம் மட்டுமே பார்வை கிடைக்கும் என்று தெரிந்தே வாங்குகிறாள். கட்டை அவிழ்க்கும் அந்த இரவில் நகரம் முழுக்க மின்சாரம் போய்விடுகிறது. மூன்றாவது கதையில், தென் அமெரிக்காவில் ஒளிந்து வாழும் நாஜி ஒருவன் அருங்காட்சியகத்து ஓவியம் ஒன்றுக்குள் புகுந்து தப்பிவிட வேண்டுகிறான். இருட்டில் ஓவியம் மாறியிருப்பது தெரியாமல், வதைமுகாமில் சிலுவையில் அறையப்பட்டவனின் ஓவியத்துக்குள் மாட்டிக்கொள்கிறான்.

எங்கள் ஊரில் கரண்ட் போன ஒரு ராத்திரிக்குப் பிறகு, நண்பர் கொடுத்த தட்டில் இந்தப் படத்தைப் பார்த்தேன். மூன்று கதைகளிலும் யார் என்ற கேள்விக்குச் சந்தேகமே இல்லை. சொத்தைப் பறித்தவன், கண்ணை வாங்கியவள், முகாமில் கொன்றவன். எப்படி என்பதற்குத்தான் அங்கே பதில் கிடையாது. அதைப் பற்றிப் படத்துக்குக் கவலையும் இல்லை.

அடுத்த ஆறு வருஷத்துக்குள் இந்த வடிவம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1975 மார்ச் 4 அன்று ஏ.பி.சி.யில் வந்த டான் கர்ட்டிஸின் 'ட்ரிலஜி ஆஃப் டெர்ரர்' படமும் மூன்று கதைகளால் ஆனது. மூன்றும் ரிச்சர்ட் மேத்திசனின் கதைகள்; மூன்றிலும் நாயகி கேரன் பிளாக். மக்கள் மனதில் நின்றது மூன்றாவதுதான்: சூனி பழங்குடியினரின் வேட்டைக்காரப் பொம்மை உயிர்பெற்று, தனியே இருக்கும் பெண்ணைக் கத்தியோடு துரத்துகிறது. உண்மையில் நியூ மெக்சிகோவின் சூனி மக்கள் புனிதமாகப் போற்றுபவை பெரும்பாலும் சிறு கல்லில் செதுக்கிய விலங்குருவங்கள். ஈட்டியும் கோரைப்பல்லுமான அந்தப் பொம்மை சினிமாக்காரர்களின் கற்பனை. நிலம் பறிகொடுத்த ஒரு மக்களின் வழிபாட்டுப் பொருள், பறித்தவர்களின் வரவேற்பறையில் கொலைகாரனாக நிற்கிறது. யார் யாருக்குச் செய்தார்கள் என்பது இங்கே தலைகீழாகிவிட்டது. செர்லிங்கிடம் பேய் வாதியாக இருந்தது. கர்ட்டிஸிடம் அது குற்றவாளி.

3

தமிழில் ஒரே இரவில் மூன்று கதை காட்டும் தொலைக்காட்சிப் படம் என்ற மரபு உருவாகவில்லை. அதற்கு நெருக்கமானது 'மர்மதேசம்'. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பு. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். 'ரகசியம்', 'விடாது கருப்பு' ஆகிய முதலிரண்டு கதைகளை இயக்கியவர் நாகா. ஒரே தலைப்பின் கீழ் வெவ்வேறு ஊர், வெவ்வேறு மாந்தர், வாரா வாரம். தொண்ணூறுகளின் நடுவில் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று நீண்டு, பிற்பகுதி ராஜ் தொலைக்காட்சிக்கு நகர்ந்தது.

இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. அரங்குக்குள் நாலு சுவர் கட்டி அழுதுகொண்டிருந்த தொடர்களுக்கு நடுவே, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனவர்கள் இவர்கள். வெயில், புழுதி, கோயில் மேடு, அருவா, பனைமரம் என்று நாங்கள் தினம் பார்ப்பதெல்லாம் முதல் தடவையாக எங்கள் பெட்டிக்குள் வந்தது. 'விடாது கருப்பு' கடந்த காலமும் நிகழ்காலமுமாக இரண்டு இழைகளை மாற்றி மாற்றிப் பின்னிய விதம், சரம் பின்னத் தெரிந்த பெண்களுக்குச் சிக்கலாகவே படவில்லை.

ஆனால் கதையின் கட்டுமானத்தைப் பாருங்கள். தோட்டக்காரமங்கலத்தில் தப்புச் செய்தவர்களைக் கருப்பு தண்டிக்கிறது. ஊர் நம்புகிறது. நகரத்திலிருந்து உளவியல் அறிந்த பெண் வருகிறாள். தேடித் தேடி, இறுதியில் கருப்பாக உலவியது பிளவுண்ட ஆளுமை கொண்ட ஒரு மனிதன் என்று வெளிப்படுகிறது. சிறுவயதில் அவன் பட்ட காயம்தான் காரணம். தண்டிக்கும் தெய்வமாகத் தொடங்கியது நோயாளியாக முடிகிறது. விடை சொன்ன பிறகும் தெய்வத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது இந்திரா சௌந்தர்ராஜனின் வழக்கம். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது எழுதிய பலரும் நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் நடுவே நின்றவர் என்று அவரைப் பாராட்டினார்கள். தொதரோவ் 1970இல் எழுதிய நூலில் விந்தை இலக்கியத்துக்குச் சொன்ன இலக்கணமும் இதுவே: இயற்கையான விளக்கமா, இயற்கை மீறியதா என்ற தயக்கம்.

என் கேள்வி அந்தத் தயக்கத்தின் மேல்தான். இரண்டு பக்கமும் இருப்பது எப்படி என்ற ஒரே கேள்வியின் இரண்டு பதில்கள். சாமி வந்து கொன்றதா, மனநோய் வந்து கொன்றதா? இதற்குள் நாம் தயங்கிக்கொண்டிருக்கும்போது, செத்தவன் என்ன செய்தான், யாருக்குச் செய்தான், அதற்கு ஏன் ஊரில் ஒரு பஞ்சாயத்தும் நடக்கவில்லை என்பதெல்லாம் சத்தமில்லாமல் பின்னுக்குப் போய்விடுகிறது. 'ரகசிய'த்தில் இது இன்னும் சுத்தமாக நடந்தது. அங்கே மர்மத்தின் மையம் நவபாஷாண லிங்கம். சித்தரின் ரசாயனம். தெய்வம் ஒரு புதையலாகிவிட்டால் பிறகு அதற்குத் திருடன் உண்டு, காவலன் உண்டு. முறையிட வருகிறவனுக்கு அங்கே வேலையில்லை.

4

எங்கள் பக்கத்துச் சாமிகள் முறையீட்டிலிருந்து பிறந்தவர்கள். ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன், சாதி விட்டுப் பொம்மக்கா திம்மக்காவை மணந்து வெட்டுப்பட்டுச் செத்த முத்துப்பட்டன் என்று அந்தப் பட்டியல் நீளும். இக்கதைப் பாடல்களை நா. வானமாமலை எழுபதுகளை ஒட்டித் திரட்டிப் பதிப்பித்தபோது, இவற்றைச் சமூக வரலாற்றின் சான்றுகளாகவே படித்தார். தென்மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கயிலாயத்தில் பிறந்து வரும் தெய்வங்களின் கதை ஒரு வகை, அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை என்று பிரித்துக்காட்டினார். சாவைப் பாடும் கட்டத்தில்தான் சாமியாட்டம் உச்சத்துக்குப் போகிறது என்பதும் அவர் கவனித்தது. அதாவது, எப்போது யார் கொன்றது என்று சொல்லப்படுகிறதோ அப்போது ஆள் எழுந்து ஆடுகிறது.

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியது.

'விடாது கருப்பு' முடிந்து ஒரு வருஷம் இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் போய்வந்துகொண்டிருந்த ஒரு வெடி ஆபீஸில் மத்தியானம் மருந்து வெடித்தது. எனக்கு மதினி முறையாக வேண்டிய ஒருத்தி அதில் செத்தாள். அடையாளம் காட்டியது அவள் கொலுசு. மறுநாள் செய்தித்தாளில் வந்த காரணம் வழக்கமான ஒரு சொல்: உராய்வு. மருந்து கையாளும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது.

அடுத்து வந்த முனியசாமி பொங்கலில், மதினியோடு ஒரே அறையில் வேலை பார்த்து, அன்றைக்கு மட்டும் லீவு போட்டதால் தப்பித்த ஒரு பெண்பிள்ளைக்குச் சாமி வந்தது. பதினேழு வயது இருக்கும். சாமி இல்லை, செத்தவள்தான் வந்திருக்கிறாள் என்று கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் நடுவில் நின்று அவள் போர்மேன் பெயரைச் சொல்லிக் கேட்டாள்: "நேத்துக் கலந்த மருந்த எதுக்குடா இன்னைக்கு எடுக்கச் சொன்ன? நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல எத்தன பேர உக்கார வச்ச? கதவுக்குக் குறுக்க எதுக்குடா பெட்டிய அடுக்குன?"

உயிரோடு இருந்தவரை மதினி அந்த ஆளை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். செத்த பிறகுதான் டா போட முடிந்தது.

வெடித்தொழில் தெரிந்தவர்கள் அந்த மூன்று கேள்விகளையும் திரும்பப் படித்துப் பார்க்கட்டும். கலந்த மருந்தில் மிச்சத்தை ராத்திரி வைத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஓர் அறைக்கு நாலு பேர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வெளியே ஓடும் வழியில் எதுவும் இருக்கக் கூடாது. ஓர் ஆய்வாளர் எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை அந்தப் பிள்ளை ஆடிக்கொண்டே சொன்னாள். உராய்வு எப்போதும் கடைசிக் காரணம்தான். துண்டுக் கூலிக்குக் கை பறக்கிறது, தீபாவளி ஆர்டருக்காக மருந்து கூடுதலாகக் கலக்கப்படுகிறது, அறையில் ஆள் நெருக்கப்படுகிறது, வெயில் ஏறுகிறது. இத்தனைக்கும் பிறகுதான் ஒன்றோடொன்று உரசுகிறது. உராய்வு எப்படி என்பதற்கான பதில். அது பொய்யுமில்லை. ஆனால் அந்தச் சொல்லில் எழுவாய் இல்லை. எது எதோடு உரசியது என்று மட்டும் அது சொல்லும். யார் உரச வைத்தது என்று சொல்லாது.

அன்றிரவு நான் என்ன செய்தேன்? தெருவில் நின்று விளக்கம் கொடுத்தேன். இது அதிர்ச்சியால் வருவது, தப்பித்தவர்களுக்கு வரும் குற்ற உணர்ச்சி, நீங்களே டிவியில் பார்த்தீர்களே, அதுமாதிரி என்றேன். அவள் அப்பாவிடம் பேசி, மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு மனநல மருத்துவரிடம் காட்ட நானே ஏற்பாடு செய்தேன். மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினாள். மறுவருஷப் பொங்கலுக்கு அவளுக்குச் சாமி வரவில்லை. சிகிச்சை பலித்தது என்று நான் வாசிப்பு வட்டத்தில் சொல்லவும் செய்தேன். மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது, அதை அவர் கொடுத்தார். அவளிடம் இன்னொன்றும் இருந்தது, அதை நான் எடுத்துவிட்டேன். அந்த வழக்கில் அவள் சாட்சியாக யாராலும் அழைக்கப்படவில்லை. அழைத்திருந்தாலும் விழித்த நிலையில் போர்மேன் முன்னால் அவள் அண்ணாச்சி என்றுதான் சொல்லியிருப்பாள். வழக்கு உராய்வோடு முடிந்தது.

'விடாது கருப்பு' எனக்கு ஒரு பாத்திரத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. ஊருக்கு வெளியிலிருந்து வந்து பேயை விளக்குகிறவரின் பாத்திரம். ஊரிலேயே பிறந்த நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

5

இதைப் படிக்கும் தோழர்கள் ஒன்றைக் கேட்பார்கள். பேயை நம்பச் சொல்கிறாயா, சாமியாடிகளிடம் ஊரை ஒப்படைக்கச் சொல்கிறாயா என்று. இல்லை. பேயின் பெயரால் விதவைகளையும் வேற்றுச்சாதிக்காரர்களையும் அடித்த கதைகள் இந்தக் கரிசலில் ஏராளம் உண்டு. குறிசொல்கிறவனும் யார் என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறான். பெரும்பாலும் பலவீனமான ஆளைக் கைகாட்டுகிறான். பெரியார் வழிவந்த பகுத்தறிவு அந்த இடத்தில் பெண்களுக்குச் செய்த உதவியை நான் மறக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: பேய் இல்லை என்று நிறுவியதோடு அந்தப் பேய் கேட்ட கேள்வி தள்ளுபடியாகிவிடாது. அதை நாம் எடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

தொலைக்காட்சி அதை எடுத்திருக்க முடியும். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசியை முன்வைத்துக் குழந்தை உழைப்பு பற்றித் தீர்ப்பளித்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்றது. 'மர்மதேசம்' தமிழ் வீடுகளை நடுங்க வைத்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள். சித்தர், புதையல், சமஸ்தானம், பெரிய வீட்டுச் சாபம் எல்லாம் திகிலுக்குப் பொருளாயின. விடிகாலை ஆபீஸ் வண்டியில் தூங்கிக்கொண்டே போன பிள்ளைகள் ஆகவில்லை. மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சும் இரத்தக் காட்டேரியாக மார்க்ஸ் வர்ணித்தது நமக்கு மேற்கோளாகத் தெரியும். அது ஒரு திரைக்கதைக்கான குறிப்பும்கூட என்று நமக்குத் தோன்றவில்லை.

செய்ய முடியும் என்பதற்குச் சான்று பிற்பாடு வந்தது. 2020 ஜனவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான இந்திப் படம் 'கோஸ்ட் ஸ்டோரீஸ்'. நாலு இயக்குநர்கள், நாலு கதைகள். திரையரங்குக்கு வராமல் நேராக வீட்டுத் திரைக்கே வந்த பேய்த்தொகுதி. அதில் திபாகர் பானர்ஜியின் பகுதியில் ஒரு சிற்றூரைப் பக்கத்துப் பெரிய ஊர் தின்கிறது. அசையாமல், பேசாமல் இருந்தால் தின்ன மாட்டார்கள். தின்பவர்களோடு சேர்ந்து தின்றாலும் தப்பிக்கலாம். எப்படி மனிதர்கள் அப்படி ஆனார்கள் என்று படம் விளக்க மெனக்கெடவில்லை. யார் யாரைத் தின்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. செர்லிங் விட்ட இடத்திலிருந்து ஒரு நூல் மறுபடி எடுக்கப்பட்டிருக்கிறது. அசையாதே, பேசாதே என்பதை எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் படம் பார்த்துக் கற்கத் தேவையில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் புகையைப் பார்த்துவிட்டு ஓடிப்போனவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இரண்டுக்கும் நடுவிலும் பின்னாலும் ஒன்றிரண்டாகச் செத்தவர்களுக்குக் கணக்கு நீளம். ஒவ்வொரு தடவையும் உண்மை அறியும் குழுக்கள் வருகின்றன. ஆவணங்களைக் கேட்கிறார்கள், உரிமம் நாக்பூரா சென்னையா என்று பார்க்கிறார்கள், காயம்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள். எல்லாம் அவசியம். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெடித்து மூன்றாவது நாள் போவதோடு நிறுத்தாமல், அடுத்து வரும் பொங்கலுக்கும் ஒருவர் நோட்டோடு போய் உட்காரட்டும். சாமி வந்தவர்கள் சொல்வதை நம்பவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். பெயர், நேரம், எத்தனை பேர், எந்த மருந்து என்று சொல்லச் சொல்ல எழுதட்டும். சரிபார்ப்பது பிறகு.

அந்தப் பெண்பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அர்ச்சுனா நதி அணைக்கட்டுப் பக்கம் போன மாதம் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு எப்படியோ அந்தப் பொங்கலுக்கு வந்தது.

"அன்னைக்கு என்னத்தச் சொன்னேன்னு எனக்கு ஒண்ணுமே நெனவு இல்லண்ணே. மதினி பேசுனான்னு மட்டும் சொல்றாக. நீங்கதான் பக்கத்துல நின்னீக, படிச்சவுக. எழுதி வச்சீகளா?"

மூன்று கேள்விகள் எனக்கு நினைவிருந்தன. அவள் அதற்கு மேலும் நெடுநேரம் பேசினாள். நான் எழுதி வைக்கவில்லை.